[கலைச்சொல்] சாக்கே அரிசி தீட்டுற கணக்குக்கு என்ன சொல்லலாம்?

ஒசாகாக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். ஹிரோஷிமா பக்கம் சைஜோவுக்கு சாக்கே (ஜப்பானிய அரிசி மது) ருசி பாக்க வர்றவங்களுக்கு ஒரு கையேடு, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். 'செய்மாய்-புவாய்'ங்கிற இடத்துல மாட்டிக்கிட்டேன். அரிசியத் தீட்டினப்புறம் எவ்வளவு நிக்குதுங்கிற கணக்கு அது. சாக்கே வகைகள்ல கின்ஜோன்னா 60% அல்லது அதுக்குக் கீழ, டாய்கின்ஜோன்னா 50% அல்லது அதுக்குக் கீழ. 'தீட்டல் விழுக்காடு'ன்னு போட்டா 35ஐ விட 60தான் நல்லாத் தீட்டினதுன்னு தலைகீழாப் புரிஞ்சுக்கறாங்க.

புலவர் அய்யா:
தம்பி, 'அவைப்பெச்சம்' என்று போடுங்கள். பெரும்பாணாற்றுப்படையில் கள் சமைக்கிற இடத்தில் 'அவையா அரிசி அங்களித் துழவை' வருகிறதே, குற்றாத அரிசி. அவைத்தல் குற்றுதல், எச்சம் மிச்சம். அவலும் இதே வேர்தான் என்பது என் கட்சி, உவலையையும் இதோடு சேர்த்துப் பார்த்தால்...

தஞ்சை மில்லுவீட்டான்:
அய்யா, அவைப்பெச்சம்னா சட்டசபைல வெளிநடப்புக்கு அப்புறம் மிச்சம் உக்காந்திருக்கறவங்கன்னுதான் படிப்பாங்க :) அப்புறம் குத்துறது வேற தீட்டுறது வேற. சாக்கே அரிசிக்கு உலக்கை கிடையாது, சுத்துற கல் உருளைல உரசி உரசி இழைக்கிறாங்க, வேகமா விட்டா சூடேறி நொறுங்கிடும், அதனால டாய்கின்ஜோ அரிசிக்கு மெஷின் ரெண்டு நாள் கூட ஓடும். அரிசி மில் மெஷின் செய்யற சடாகே கம்பெனிய 1896ல ஆரம்பிச்சதே இந்த சைஜோலதான். என் ஓட்டு 'தீட்டல் மிச்ச விகிதம்'.

தனித்தமிழ்ப்பித்தன்:
விகிதம் வடசொல். வீதம்.

தஞ்சை மில்லுவீட்டான்:
வீதம் மட்டும் எந்த ஊராம்?

கோபே அக்கா:
சண்டைய விடுங்கப்பா. முன்னாடி யாரோ தனிமடல்ல 'தீட்டல் தரம்'னு கேட்டிருந்தாங்க, அது மட்டும் வேண்டவே வேண்டாம். வெளித்தோல் பக்கம் இருக்கற புரதமும் கொழுப்பும் போனா ஆப்பிள், வாழைப்பழ வாசம் தூக்கலா வரும், சரிதான். ஆனா 70% நிக்கிற கிமோட்டோவ (பழைய முறைல செய்யற சாக்கே) 45 டிகிரிக்கு சூடு பண்ணிக் குடிச்சுப் பாருங்க, அந்தப் புளிப்பும் கனமும் டாய்கின்ஜோல கிடைக்காது. ஊருக்கு ஊர் தண்ணியும் வேற. எங்க கோபேல சாக்கே வடிக்கிற நாடா பக்கம் கடினநீர், அதனால அடிச்சு நிக்கற சாக்கே. ஹிரோஷிமா பக்கம் மென்னீர், அதுக்குன்னு தனி முறைய அங்க சாக்கே வடிச்ச மியுரா சென்சாபுரோ 1898ல எழுதி வச்சாரு, அப்புறம்தான் அந்தப் பக்கத்து சாக்கே மெத்துனு வந்து பேர் வாங்குச்சு. அடில நீல வளையம் போட்ட வெள்ளைப் பீங்கான் கோப்பைல ஊத்தி வளையம் எவ்வளவு தெளிவாத் தெரியுதுன்னு பாப்பாங்க, அதுக்கும் கையேட்டுல ஒரு வரி போடு தம்பி.

ஒசாகாக்காரன்:
போட்டாச்சுக்கா. 'தீட்டிய பின் மிச்சம்: 50%'னு அனுப்பிட்டேன்.

புலவர் அய்யா:
அது சொல் இல்லை, வாக்கியம். அகராதியில் அவைப்பெச்சம் என்றே பதிவேன். போகட்டும், சாக்கேவுக்கு அரிசியில் வளர்க்கிற கோஜிக்கு என்ன போட்டீர்கள்? அதே பாட்டில் 'நல்லடை' இருக்கிறது.

ஒசாகாக்காரன்:
அய்யா, அந்தப் பாட்டுல நல்லடைங்கிறது நெல் முளை, இங்க கோஜி பூஞ்சணம். கோஜி கோஜியாவே போயிடுச்சு.

தஞ்சை மில்லுவீட்டான்:
நல்லடைன்னா தொட்டுக்க அவியல் கேப்பாங்க.

புலவர் அய்யா:
தனி இழை தொடங்குகிறேன்.