கிராஃபானால 30 நாள் பாத்தா சிபியு 30%, ஒரு மணி நேரம் பாத்தா 90%. எது நிஜம்?

மணலி_கேட்பாஸ்:
தலைவர்களே, மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல ஐடி வேலைக்கு நான் ஒருத்தன்தான். கேட் என்ட்ரி சாஃப்ட்வேர் ஓடுற லினக்ஸ் சர்வர்ல சர்வர் எவ்ளோ பிஸின்னு அளக்க நோட் எக்ஸ்போர்ட்டர், அந்த கணக்க சேத்து வெக்க ப்ரோமிதியஸ், கிராஃபா காட்ட கிராஃபானா எல்லாம் போட்டு வெச்சிருக்கேன். காலைல ஒம்பது மணி வாக்குல ஸ்லிப் வரவே மாட்டேங்குது, ட்ரெய்லர் எல்லாம் ரோட்டு வரைக்கும் நிக்குது, டிரைவருங்க ஹாரன் அடிச்சே கொல்றாங்க. ஆனா 30 நாள் கிராஃப்ல சிபியு 30%ஐ தாண்டவே இல்ல, அதே பேனல ஒரு மணி நேரத்துக்கு சுருக்குனா 90%க்கு மேல செவுரு மாதிரி நிக்குது. ஓனர் புது சர்வர் வாங்கலாமான்றாரு. குவெரி நெட்ல கெடச்சதுதான், 100லேந்து ஐடில் ரேட்ட, அதாவது சிபியு சும்மா இருக்குற சதவீதத்த, கழிக்கிறது.

ராயபுரம்_ரூட்:
ரெண்டும் நிஜம்தான்பா. 30 நாள்னா 43,200 நிமிஷம், ஸ்கிரீன்ல ஆயிரம் புள்ளின்னு வெச்சுக்கோ, ஒரு புள்ளிக்கு 43 நிமிஷம். குவெரில ரேட் இன்டர்வெல் வேரியபிள் (எவ்ளோ நேரத்துக்கு சராசரி எடுக்கணும்ங்கறது) போட்டிருப்ப, ஜூம் அவுட் பண்ண பண்ண அது தானா நீளும், அதனால ஒவ்வொரு புள்ளியும் அந்த 43 நிமிஷத்தோட சராசரி. பத்து நிமிஷம் 90ல நின்னு மீதி நேரம் 10ல இருந்தா சராசரி 29 கூட வராது. உச்சம் தெரியணும்னா ரேட்ட ரெண்டு நிமிஷத்துக்கு ஃபிக்ஸ் பண்ணி, சப்குவெரியா (குவெரிக்குள்ள இன்னொரு குவெரி), அந்த நேரத்துல வந்த உச்சத்த எடுக்குற மேக்ஸ் ஓவர் டைம்குள்ள போடு. ரெண்டு நிமிஷம்னு மட்டும் மாத்திட்டு விட்டுடாத, அப்பறம் 43 நிமிஷத்துக்கு ஒரு தடவ எட்டிப் பாத்துட்டுப் போயிடும், நடுவுல நடந்தது எதுவும் தெரியாது. ஒய் ஆக்சிஸையும் 0, 100னு கட்டிடு, ஆட்டோல விட்டா 3%க்கும் 5%க்கும் ஆடுறதே பெருசா தெரிஞ்சு பயமுறுத்தும்.

வியாசர்பாடி_விம்:
இன்னாபா, சர்வர் வாங்கறதுக்கு முன்னாடி ஒன்னு பாரு. ஐடில கழிக்கிற குவெரில ஐஓவெயிட்டும் பிஸி கணக்குல சேந்துடும், அது சிபியு டிஸ்குக்காக சும்மா காத்துனு கீற நேரம். மோட் வாரியா பிரிச்சு, யூசர் சிஸ்டம் ஐஓவெயிட் தனித்தனி கலரா அடுக்கிப் போடு. லோட் ஆவரேஜ (ஓடுற, காத்துனு கீற ப்ராசசோட சராசரி எண்ணிக்கை) பாத்தும் ஏமாறாத, லினக்ஸ்ல டிஸ்குக்கு காத்துகெடக்குற ப்ராசசும் அதுல எண்ணிக்கைல வந்துடும். டிஸ்க்தான் பிரச்சனைன்னா 4 கோர 16 ஆக்கினாலும் ஒன்னும் ஆவாது. தெனமும் அதே டைமுக்கா ஏறுது?

மணலி_கேட்பாஸ்:
பிரிச்சுப் பாத்தேன்ணே, முக்காவாசி ஐஓவெயிட்தான். தெனமும் கரெக்டா ஒம்பது. கேட் மூடியிருக்குற ஞாயித்துக்கெழம கூட!

ராயபுரம்_ரூட்:
ஞாயித்துக்கெழமையுமா? அப்ப வண்டி கூட்டம் காரணமே இல்ல. சர்வர் டைம் யூடிசியான்னு (நம்ம டைமுக்கு அஞ்சர மணி நேரம் பின்னாடி இருக்குற உலக டைம்) பாரு. கிராஃபானா நீ எதுவும் மாத்தலன்னா பிரவுசர் டைம்ல காட்டும், க்ரான் (குறிச்ச நேரத்துக்கு வேலைய தானா ஓட்டுறது) சர்வர் டைம்ல ஓடும். விடிகாலைன்னு நெனச்சு எவனாச்சும் 3:30க்கு பேக்கப் போட்டிருந்தா நம்மூர்ல அது ஒம்பது மணி.

மணலி_கேட்பாஸ்:
ஐயோ அதேதான்!! 3:30க்கு டேட்டாபேஸ் டம்ப் (டேட்டாபேஸ பேக்கப்புக்கு காப்பி எடுக்குறது), சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்தவங்க வெச்சிட்டுப் போனது. இப்ப 20:30ன்னு மாத்திட்டேன், நம்ம டைம்ல ராத்திரி 2 மணி.

வியாசர்பாடி_விம்:
ராத்திரி 2 மணிக்கு உங்க யார்டு தூங்குதா? ஹார்பர் பக்கம் பாதி வண்டி ராத்திரிதான் ஓடுது. கேட் என்ட்ரி மணிக்கு எத்தினின்னு ஒரு பேனல் போட்டு, எப்ப கம்மியோ அங்க வை. டம்ப்ப வேற டிஸ்குல எழுத வெச்சா இன்னும் நல்லது.