டாக்டர் பிரைடன் பதக்கத்தில் தேதி இடிக்கிறது, தெரிந்தவர்கள் உதவுங்கள்

நாணயப்பெட்டி:
வணக்கம். எங்கள் நாணயச் சங்கக் கண்காட்சிக்கு டாக்டர் வில்லியம் பிரைடன் பற்றி ஒரு பலகை தயார் செய்கிறேன். முதல் ஆங்கிலேய-ஆப்கான் போரில் தோற்று, 1842 ஜனவரியில் காபூலிலிருந்து பின்வாங்கிய ஆங்கிலேயர் தரப்பில் சுமார் 4,500 படைவீரர்களும் 12,000 பரிவாரத்தாரும் கிளம்பி, 13ஆம் தேதி ஜலாலாபாத் கோட்டைக்கு வந்து சேர்ந்த ஒரே ஐரோப்பியர் இவர். அவருடையது என்று ஜலாலாபாத் பதக்கத்தைக் காட்டுகிறார்கள். அதிலோ ஏப்ரல் 7 என்று இருக்கிறது! போதாததற்கு, என்னிடம் உள்ள இரண்டு படங்களும் வேறு வேறு. ஒன்றில் கோட்டைமதில் வடிவக் கிரீடம், இன்னொன்றில் விக்டோரியா ராணி. கிரீடப் பதக்கத்தின் விளிம்பில் பெயரும் இல்லை. எது போலி? ஞாயிற்றுக்கிழமை அச்சுக்குக் கொடுக்கணும்.

பழங்காசு:
தேதி சரிதான். பின்வாங்கலுக்கென்று பதக்கமே அடிக்கவில்லை, அது படுதோல்வி. வந்து சேர்ந்த பிரைடன் அந்தக் கோட்டையிலேயே தங்கிவிட்டார். ஆப்கான் தலைவர் அக்பர் கான் அதை முற்றுகையிட்டிருந்தார். ஏப்ரல் 7 அன்று உள்ளிருந்த படை வெளியே பாய்ந்து முற்றுகையை உடைத்தது. பதக்கம் அந்த நாளுக்கு, கோட்டையைக் காத்தவர்களுக்கு.

இரண்டு வடிவமும் அசலில் உண்டு. கிரீடம் போட்டது முதலில் கல்கத்தாவில் அடித்தது. கவர்னர் ஜெனரல் எல்லன்பரோவுக்கு அது பிடிக்காமல், இங்கிலாந்தில் ராணி தலையும் மறுபக்கம் சிறகு விரித்த வெற்றி தேவதையுமாக வேறொன்று செய்யவைத்தார். மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள், பெரும்பாலோர் பழையதையே வைத்துக்கொண்டார்கள். கிரீடப் பதக்கத்தைப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள். அதனால் பெயர் இல்லை என்பதை வைத்து மட்டும் போலி என்று சொல்லாதீர்கள்.

மருந்துப்பெட்டி:
பலகையில் ‘பிரிட்டிஷ் ராணுவ டாக்டர்’ என்று போடாதீங்க. அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் உதவி சர்ஜன், அப்போது, ஆங்கிலேயர் காபூல் அரியணையில் ஏற்றிய ஷா ஷுஜாவின் படையில் பணி. ‘ஒரே ஆள் பிழைத்தார்’ என்பதும் தப்பு. கைதியாகி, செப்டம்பரில் மீண்ட ஆங்கிலேயர்கள் பலர். தப்பித்த இந்தியச் சிப்பாய்களும் உண்டு.

ஒரு விஷயம் கட்டாயம் சேருங்க. தலையில் வெட்டு விழுந்தபோது தொப்பிக்குள் குளிருக்காகத் திணித்திருந்த பத்திரிகைத்தாள்தான் மண்டையைக் காப்பாற்றியது என்று எல்லோரும் சொல்வார்கள். அதன் பிறகு, சாகும் தறுவாயில் இருந்த ஒரு சுபேதார் (இந்தியப் படை அதிகாரி) தன் மட்டக்குதிரையை அவரிடம் கொடுத்ததாகப் பிரைடனே எழுதியிருக்கிறார். அந்தக் குதிரை இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. அந்த மனுஷனுக்கு எந்தப் பதக்கமும் இல்லை. எனக்கு அதை நினைத்தால் மனசு ஆறவே ஆறாது.

பழங்காசு:
1857 சிப்பாய்க் கிளர்ச்சியையும் விட்டுவிடாதீர்கள். லக்னோ ரெசிடென்சி முற்றுகையிலும் இவர் உள்ளே இருந்தார், தொடையில் குண்டு பாய்ந்தது. அதற்கான பதக்கத்தில் ‘லக்னோ பாதுகாப்பு’ என்ற கிளாஸ்ப் (நாடாவின் மேல் வரும் எழுத்துப் பட்டை) இருக்கும். 1858இல் சி.பி. (கம்பானியன் ஆஃப் த பாத்) என்ற பிரிட்டிஷ் பட்டம். 1873இல் ஸ்காட்லாந்தில் இறந்தார். தளர்ந்த குதிரையில் அவர் வரும் புகழ்பெற்ற ஓவியம் 1879இல் வரைந்தது, அதை அவர் காலத்துப் படம் என்று எழுதிவிடாதீர்கள்.

நாணயப்பெட்டி:
ரொம்ப நன்றி, பெரிய தப்பிலிருந்து காப்பாற்றினீர்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். ‘தனியாகப் பிழைத்தவர்’ தலைப்பை எடுத்தாச்சு. பலகையின் முதல் வரி இப்போது இது: “பெயர் தெரியாத ஒரு சுபேதாரின் குதிரையில் டாக்டர் பிரைடன் ஜலாலாபாத் வந்து சேர்ந்தார்.”