அம்மாவோட க்ரூயேர் கோட்டை பார்க்கப் போகலாமோ?

திருமலைப் பொடியன்
வணக்கம். ஜூன் மாசம் அம்மாவக் கூட்டிக்கொண்டு சுவிசில பேர்ணில இருக்கிற அக்கா வீட்ட போறம், விசா வந்திட்டுது. அக்காவுக்கு லீவு எடுக்க ஏலாதாம், அதால ஒரு நாள் நானும் அம்மாவும் தனியா க்ரூயேர் போய் வருவம் எண்டு யோசிக்கிறன், மலைக்கு மேல பழைய கோட்டையோட சின்ன ஊர், படத்தில பார்த்ததில இருந்து மனசிலயே நிக்குது. அம்மாவுக்கு 68, முழங்கால் வருத்தம், கோணேசர் கோயிலுக்கே ஓட்டோவிலதான் மேல போறவ. அதோட சுத்த சைவம். போனாக்கள் சொல்லுங்கோ.

உவர்மலை அக்கா
தாராளமா போங்கோ தம்பி. ஃப்ரிபூர்க், ப்யூல் வழியா ரெயின். ஸ்டேஷன் அடிவாரத்தில, ஊர் மேல, நடந்தா கால் மணித்தியாலம் மட்டில ஏத்தம், அம்மாவ நடக்க விடாதேங்கோ, பஸ் நேரத்த முதலே பார்த்து வையுங்கோ. ஊருக்குள்ள வாகனம் விடமாட்டினம், ஒரே ஒரு பெரிய தெருதான், முழுக்கக் கல்லுப் பதிச்சது, சப்பாத்துப் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கோ. அந்தத் தெருவில ஒரு கல் இருக்கு, அந்தக் காலத்துச் சந்தையில தானியம் அளக்க அதிலயே பெரிசும் சின்னனுமா குழி வெட்டி வச்சிருக்கினம், எங்கட அம்மா அதத் தடவிப் பார்த்திட்டு "இது ரெண்டு கொத்துப் பிடிக்கும்" எண்டா. கோட்டைய விட அதத்தான் இண்டைக்கும் கதைப்பா! கோட்டைக்குள்ள படி இருக்கு, ஏலாட்டி வெளியில இருந்து பார்த்தாலே வடிவு.

நிலாவெளியான்
கட்டாயம் உள்ளுக்குப் போங்கோ. 13ஆம் நூற்றாண்டுக் கோட்டை, 1493இல எரிஞ்சு திரும்பக் கட்டினது. அந்தப் பிரபுக்களின்ர கொடியில கொக்கு, பிரெஞ்சில 'க்ரூ' எண்டா கொக்குத்தான். கடைசிப் பிரபு மிஷேல் கடன்பட்டு 1554இல முறிஞ்சுபோக, கடன் குடுத்த பேர்ணும் ஃப்ரிபூர்க்கும் அவற்ற நிலத்தப் பங்குபோட்டு எடுத்திட்டினம். எனக்கு அங்க நிக்கேக்க எங்கட திருகோணமலைக் கோட்டைதான் ஞாபகம் வந்தது, போர்த்துக்கேயர் கோணேசர் கோயில இடிச்சு அந்தக் கல்லிலதானே 1624இல கட்டினவங்கள், அங்க ஒவ்வொரு அறையிலயும் நிண்டு வாசிக்கக் கதை எழுதி வச்சிருக்கினம், நாங்கள் மான் பார்த்துக்கொண்டு வாசலால போய் வாறம், பிள்ளையளுக்கு ஒண்டும் சொல்லுறதில்ல. மனசு கேக்கேல்ல.

சல்லிக்கோயிலடி
சாப்பாடு முக்கியம் தம்பி, கவனமாக் கேளுங்கோ. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலயே சீஸ் செய்யிற இடம் இருக்கு, பெரிய செப்புக் கிடாரத்தில பால் திரையுறதக் கண்ணாடியால பார்க்கலாம், ஒரு சீஸ் கிட்டத்தட்ட 35 கிலோ, அதுக்கு 400 லீற்றர் பால். ஆனா க்ரூயேர் சீசுக்கு உறை விடுறது கன்றுக்குட்டியின்ர இரைப்பையில இருந்து எடுக்கிற சாமானால, சுத்த சைவமெண்டா அம்மாவுக்குக் குடுக்காதேங்கோ, சீச உருக்கிச் செய்யிற ஃபோண்டுவில வைனும் சேர்ப்பினம். மெரிங்கு எண்டு வெள்ளையா ஒரு இனிப்புத் தருவினம், அது முட்டை. அதுக்கு மேல விடுற கிறீம மட்டும் பழத்தோட கேட்டு வாங்குங்கோ, கரண்டி நட்டா நிக்கும், அவ்வளவு தடிப்பு. மத்தியானத்துக்கு அக்காட்டச் சொல்லி புட்டுக் கட்டிக்கொண்டு போங்கோ.

திருமலைப் பொடியன்
எல்லாருக்கும் பெரிய நன்றி, சீஸ் விசயம் எனக்குத் தெரியவே தெரியாது. அம்மாட்ட அந்தக் கல்லைப் பற்றிச் சொன்னனான், அரிசி அளக்கிற சுண்டு ஒண்டு கொண்டுபோவமோ எண்டு கேக்கிறா.