ரிவியேராவில் டைகர் ஜெயிப்பாரா? முதலில் அந்த 1998 கணக்கைத் திருத்துங்கள்

நீலகிரி நாதன்
நேற்று ஒரு கோல்ஃப் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய பதிவைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. "வியாழக்கிழமை டைகர் உட்ஸ் ரிவியேராவில் இறங்குகிறார். 83-வது பட்டம் அங்கேதான். 1998-ல் ப்ளேஆஃப் வரை வந்து கைநழுவிய மைதானம், அந்தக் கடனை இந்த 2024-ல் தீர்ப்பார்" என்று எழுதியிருந்தது. எழுதியவர் இந்த இழையிலும் இருக்கிறார்.

ஆசைப்படுவது அவர் இஷ்டம். ஆனால் 1998-ல் டைகர், லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் இந்த ரிவியேரா கோல்ஃப் மைதானத்தில் ஒரு பந்து கூட அடிக்கவில்லை. அந்த வருடம் சீனியர் யு.எஸ். ஓப்பனுக்காக ரிவியேராவை ஒதுக்கிவிட்டதால், வழக்கமாக அங்கே நடக்கும் லாஸ் ஏஞ்சலஸ் போட்டி வலென்சியா கன்ட்ரி கிளப்புக்குப் போனது. பில்லி மேஃபேரோடு சமமாக முடித்து, முடிவு காணக் கூடுதலாக ஆடிய ப்ளேஆஃபில் டைகர் தோற்றது அங்கே. வலென்சியா. இதுகூடத் தெரியாமல் கடன், பாக்கி என்றெல்லாம் எழுதுகிறார்கள்.

சிவப்புச்சட்டை
பெயரைச் சொல்லியே எழுதலாம் சார். நான்தான் எழுதினேன். போட்டி ஒன்றுதானே? கோப்பை ஒன்றுதானே? அந்த வாரம் பட்டியலில் எந்தப் போட்டியின் பெயர் இருந்தது? ஊர் தள்ளி ஆடினால் போட்டி வேறாகிவிடுமா? 16 வயதில், 1992-ல், தன் முதல் பிஜிஏ டூர் (அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் தொடர்) போட்டியை டைகர் ஆடியது இதே ரிவியேராவில்தான். அதிலிருந்து இன்றுவரை இந்த ஒரு கோப்பை அவருக்கு எட்டவில்லை. அதைத்தான் எழுதினேன்.

நீலகிரி நாதன்
தம்பி, நீங்கள் எழுதிய வார்த்தை "மைதானம்". கோப்பை என்று எழுதவில்லை. இப்போது மாற்றிப் பேசாதீர்கள். வலென்சியாவில் கிகுயு புல் இருக்கிறதா? பச்சையின் (குழியைச் சுற்றிய வழுவழுப்பான புல்தரை) நடுவிலேயே பங்கர் (மணல் பள்ளம்) வைத்த ஆறாவது ஹோல் இருக்கிறதா? 315 கெஜமே நீளமுள்ள, ஆனாலும் பெரிய பெரிய ஆட்களை அழ வைக்கிற பத்தாவது ஹோல் இருக்கிறதா? ஜார்ஜ் தாமஸ் 1920-களில் அந்தப் பள்ளத்தாக்கில் செதுக்கிய மைதானம் அது. அதையும் இன்னொன்றையும் ஒன்றாகப் பேசாதீர்கள்.

1992-ஐ நீங்களே இழுத்தீர்கள், நல்லது. அந்த வாரம் டைகர் 72, 75 அடித்து கட் (குறைவான அடியில் முடித்தவர்களை மட்டும் வார இறுதிக்கு விடும் வரம்பு) தாண்டாமல் வீட்டுக்குப் போனார். ஜெயித்தது ஃப்ரெட் கப்பிள்ஸ்.

இடதுகை இளங்கோ
இரண்டு பேரும் விஷயத்தை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். ரிவியேரா இடதுகைக்காரர்களின் மைதானம். மைக் வீர் 2003, 2004. மிக்கல்சன் 2008, 2009. பப்பா வாட்சன் 2014, 2016, 2018. 16 வருடத்தில் 7 பட்டம் இடதுகைக்கு! உலகத்தில் வேறு எந்த மைதானத்தில் இப்படி நடந்திருக்கிறது? பந்தை வலமிருந்து இடமாக வளைக்க வலதுகைக்காரர் டிரா அடிக்க வேண்டும், விழுந்த பிறகும் பந்து ஓடும். இடதுகைக்காரருக்கு அதே வளைவு ஃபேட். மெத்தென்று உட்காரும். டைகருக்கு அங்கே ஏன் சரிப்படவில்லை என்பதற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டாம்.

நீலகிரி நாதன்
இளங்கோ, நீங்கள் இடதுகை என்பதால் எல்லா மைதானமும் உங்களுக்கு இடதுகை மைதானமாகத் தெரிகிறது. 1947, 1948 என்று இரண்டு முறை லாஸ் ஏஞ்சலஸ் ஓப்பன், அதே 1948-ல் யு.எஸ். ஓப்பன், மூன்றையும் அங்கே ஜெயித்து அந்த மைதானத்துக்கே "ஹோகன் சந்து" என்று பெயர் வாங்கித் தந்த பென் ஹோகன் எந்தக் கை? வலது. கப்பிள்ஸ் 1990, 1992 இரண்டு முறையும் வலது கையால்தான் ஆடினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

சிவப்புச்சட்டை
ஆடத் தெரியாதவரா?? 82 பட்டம், அதில் 15 மேஜர் (வருடத்தின் நான்கு பெரிய போட்டிகள்) ஜெயித்தவரைப் பற்றியா இந்தப் பழமொழி? இதைத் திரும்பப் பெறுங்கள் சார்.

நீலகிரி நாதன்
அதை நான் இளங்கோவின் சாக்குக்குச் சொன்னேன், டைகருக்கு இல்லை. படித்துவிட்டுக் கோபப்படுங்கள். வலென்சியாவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

இடதுகை இளங்கோ
சாக்கா? ஏழு பட்டத்தின் பட்டியலைத் தந்தேன். நீங்கள் தந்தது 1948. பந்தும் மட்டையும் வேறாக இருந்த காலம் அது.

கலிஃபோர்னியா மணி
நான் 2020-ல் அங்கே நேரில் போய்ப் பார்த்தவன். பத்தாவது ஹோல் பக்கத்தில் அரை நாள் நின்றேன். டிவியில் தெரியாது, அந்தப் பச்சை அவ்வளவு ஒல்லி, ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. பச்சையை நேரே குறிவைத்து அடித்தவர்கள் ஒரு பங்கரிலிருந்து எதிர்ப் பக்கத்து பங்கருக்குப் போனார்கள். டைகர் அந்த வாரம் கட் தாண்டியவர்களில் கடைசி இடம். முதுகு பிடித்துக்கொண்ட மாதிரி நடந்தார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அதற்கு அடுத்த வருடம் போட்டி முடிந்த இரண்டாம் நாள் கார் விபத்து, வலது கால் நொறுங்கியது. ரிவியேராவில் ஆட்டம் தொடங்கும் முதல் டீயிலிருந்து 75 அடி கீழே இறங்க வேண்டும், கடைசி ஹோலில் அதே உயரம் ஏறி வர வேண்டும். நான்கு நாள் அந்தக் காலோடு. இதை யாராவது யோசித்தீர்களா?

நீலகிரி நாதன்
மணி, நேரில் பார்த்தேன் என்று மாதம் ஒரு முறை சொல்லிவிடுகிறீர்கள். மகிழ்ச்சி. 1998-ல் போட்டி எங்கே நடந்தது என்று இவருக்குச் சொல்லுங்கள், நீங்கள் அந்த ஊர்க்காரர்.

கலிஃபோர்னியா மணி
வலென்சியாதான். ஆனால் மாதம் ஒரு முறை எங்கே சொன்னேன்? இரண்டே முறை சொல்லியிருக்கிறேன். அதில் ஒன்று நீங்கள் கேட்டதால் சொன்னது.

தேன்மொழி
ஹோகன் பெயர் வந்ததால் ஒன்று சொல்கிறேன். 1949 பிப்ரவரியில் அவர் கார் மீது பஸ் மோதி, உயிர் பிழைத்ததே பெரிது என்ற நிலை. ஒரு வருடம்கூட முடியவில்லை, 1950 ஜனவரியில் அவர் திரும்பி வந்து ஆடியது இதே ரிவியேராவில். கால் முழுக்கக் கட்டு. அப்படியும் சாம் ஸ்னீடுக்குச் சமமாக முடித்தார், ப்ளேஆஃபில்தான் தோற்றார். அதே ஸ்னீடின் 82 பட்டத்தைத்தான் டைகர் தாண்டப் பார்க்கிறார். அடிபட்ட காலோடு ஒருவர் அந்த மைதானத்தில் கடைசி நாள் வரை நின்ற கதை ஏற்கனவே இருக்கும்போது, முடியவே முடியாது என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்?

சிவப்புச்சட்டை
அப்படிக் கேளுங்க தேன்மொழி! மிக்கல்சன் 50 வயதில் பிஜிஏ சாம்பியன்ஷிப் ஜெயித்தார். ஸ்னீட் 52 வயதில் பட்டம் வாங்கினார். டைகருக்கு 48. போன வருடம் ஏழு மாதம் போட்டியே ஆடாமல் நேரே ரிவியேராவுக்கு வந்து, முதல் நாள் கடைசி மூன்று ஹோலிலும் பர்டி (கணக்குக்கு ஒரு அடி குறைவு), சனிக்கிழமை 67. அந்த நான்கு நாளும் நான் விடிய விடிய உட்கார்ந்து பார்த்தேன். 67 அடிக்கிறவருக்கு வாய்ப்பு இல்லையா?

நீலகிரி நாதன்
அந்த 67-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற மூன்று நாளை விட்டுவிட்டீர்கள். 69, 74, 67, 73. முடிவில் 45-வது இடம், ஜெயித்த ஜான் ராமுக்கு 16 அடி (ஸ்ட்ரோக்) பின்னால். அதற்கப்புறம் மாஸ்டர்ஸில் பாதியில் விலகல், கணுக்காலில் அறுவை. டிசம்பரில் பஹாமாஸில் 20 பேர் ஆடிய போட்டியில் 18-வது, ஜெயித்த ஷெஃப்லருக்கு 20 அடி பின்னால். அதே ஷெஃப்லர் இந்த வாரம் ரிவியேராவில் இருக்கிறார். மெக்கில்ராய் இருக்கிறார். 70 பேர் களம், முதல் 50 பேருக்கோ முதலிடத்துக்குப் பத்து அடிக்குள் இருப்பவர்களுக்கோதான் வார இறுதி. கட் தாண்டினாலே நான் கை தட்டுவேன்.

தேன்மொழி அம்மா, ஹோகன் கதை எனக்கும் கண்ணில் நீர் வரவைக்கும் கதைதான். ஆனால் நீங்களே சொன்னீர்கள், தோற்றார். அவர் மெரியனில் போய் யு.எஸ். ஓப்பன் ஜெயித்தது அதற்கப்புறம், வேறு மைதானத்தில். மைதானம் முக்கியம், இதைத்தான் காலையிலிருந்து கத்துகிறேன்.

தேன்மொழி
ஹோகன் அதே ரிவியேராவில் அதற்கு முன்பு மூன்று முறை ஜெயித்தவர், நீங்கள்தான் எழுதினீர்கள். உங்கள் வாதம் எந்தப் பக்கம் நிற்கிறது என்றே தெரியவில்லை. "அம்மா" வேண்டாம், பெயர் போதும்.

இடதுகை இளங்கோ
போவா புல் பச்சையைக் காரணம் சொல்பவர்களும் இருக்கிறார்கள், மதியத்துக்கு மேல் மேடும் பள்ளமுமாகிவிடும் என்று. ஆனால் டாரி பைன்ஸும் போவாதான், அங்கே டைகர் எட்டு முறை ஜெயித்தார். பெபிள் பீச்சும் போவாதான், அங்கே 2000 யு.எஸ். ஓப்பனை 15 அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். அதனால் புல் காரணம் இல்லை. மிச்சம் இருப்பது நான் சொன்ன காரணம் மட்டும்தான்.

சிவப்புச்சட்டை
இளங்கோ அண்ணே, 1999-ல் டைகர் ரிவியேராவில் எர்னி எல்ஸுக்கு இரண்டு அடி பின்னால் இரண்டாம் இடம். 2003-ல் ஐந்தாம் இடம். இடதுகை மைதானம் என்றால் இது எப்படி வந்தது?

நீலகிரி நாதன்
இதோ! இதைத்தான் கேட்கிறேன். கையில் 1999 இருக்கிறது. உண்மையான ரிவியேரா, உண்மையான இரண்டாம் இடம். அதை விட்டுவிட்டு எதற்கு 1998-ஐக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? "1999" என்று திருத்தி எழுதுங்கள், நான் இந்த இழையை இப்போதே மூடிவிடுகிறேன்.

சிவப்புச்சட்டை
திருத்த மாட்டேன். பிஜிஏ டூரில் டைகர் ப்ளேஆஃபில் தோற்றது வாழ்க்கையிலேயே அந்த ஒரே ஒரு தடவைதான். அது இந்தப் போட்டியில் நடந்தது. அது ஆறாத காயம். அதை விட்டுவிட்டு இரண்டாம் இடத்தை எழுதச் சொல்கிறீர்கள்.

நீலகிரி நாதன்
அந்த ஒரே ஒரு ப்ளேஆஃப் தோல்வியை அது நடக்காத மைதானத்தின் தலையில் கட்டுகிறீர்களே, அதுதான் எனக்கு வலிக்கிறது.

சிவப்புச்சட்டை
வலியைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம் சார். 2018 கடைசியில் இதே இடத்தில் என்ன எழுதினீர்கள்? "நான்கு முறை முதுகு அறுவை செய்தவர் இனி மேஜர் ஜெயிக்க மாட்டார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்று. நான் எழுதி வைத்துக்கொண்டேன். 2019 ஏப்ரலில் மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டாவில் வெற்றியாளரின் பச்சைக் கோட்டு யார் போட்டார்? அன்று ராத்திரி நீங்கள் ஒரு வார்த்தை வாழ்த்து எழுதவில்லை. ஐந்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீலகிரி நாதன்
அன்று என் மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது கேட்டதால் சொல்கிறேன். அகஸ்டா அவர் அதற்கு முன்பே நான்கு முறை ஜெயித்த இடம், ஒவ்வொரு சரிவும் மனப்பாடம். ரிவியேராவில் பூஜ்யம். 2006-ல் காய்ச்சலோடு பாதியில் விலகினவர், அப்புறம் 2018 வரை அந்தப் பக்கமே போகவில்லை. பிடித்த இடமாக இருந்தால் பன்னிரண்டு வருடம் ஒதுங்கி இருப்பாரா?

கலிஃபோர்னியா மணி
இப்போது போட்டியை நடத்துவதே அவருடைய அறக்கட்டளைதானே சார். பிடிக்காத இடத்தில் யாராவது வருடா வருடம் விருந்தாளிகளைக் கூப்பிடுவார்களா? அவர் வளர்ந்த ஊர் ஒரு மணி நேரம் தள்ளி.

நீலகிரி நாதன்
கல்யாண வீட்டுக்காரருக்குப் பந்தியில் கடைசி இடம்தான் மணி. 2020-ல் அதைத்தான் நீங்களே பார்த்தீர்கள்.

கலிஃபோர்னியா மணி
இது அநியாயமான பேச்சு. அவர் வலியோடு நடந்ததைச் சொன்னேன், அதை எடுத்து நீங்கள் இப்படிப் பேசுவீர்கள் என்று நினைக்கவில்லை.

தேன்மொழி
ஜாக் நிக்லஸும் ரிவியேராவில் ஜெயித்ததில்லை. 18 மேஜர் ஜெயித்தவர். அவரை யாரும் இப்படிக் கூண்டில் ஏற்றவில்லை.

இடதுகை இளங்கோ
நிக்லஸும் வலதுகை.

நீலகிரி நாதன்
இளங்கோ, போதும்.

சிவப்புச்சட்டை
இந்த வாரம் புதிதாக ஆரம்பித்திருக்கும் சன் டே ரெட் பிராண்டு சட்டையோடு இறங்குகிறார். 27 வருட நைக்கி போய்விட்டது. வியாழன் இரவு நான் விழித்திருப்பேன், ஞாயிறும் விழித்திருப்பேன். 16 வயதில் அவர் முதல் பந்து அடித்த இடத்தில் 83-வது பட்டம் வராமல் போகாது. 1998-ல் விட்டதை இங்கேதான் எடுப்பார்.

நீலகிரி நாதன்
1998-ல் விட்டது வலென்சியாவில்.

சிவப்புச்சட்டை
போட்டி ஒன்றுதான் சார்.

நீலகிரி நாதன்
மைதானம் வேறு தம்பி.