கிட்டில் மெர்ஜ் ஆன பிறகு கமிட் மெசேஜில் போட்ட நோட்டீஸ் வருவதில்லை, உதவி தேவை

கேள்வி
ஆறு பேர் டீம். டேட்டாபேஸ் மைக்ரேஷன் ஓட்டணும், என்வ் ஃபைலில் புது வரி சேர்க்கணும் மாதிரியான தகவல்களை கமிட் மெசேஜின் கடைசியில், ஆங்கில எழுத்தில் "நோட்டீஸ்:" என்று தொடங்கி எழுதுகிறோம். புல் செய்ததும் போஸ்ட்-மெர்ஜ் ஹுக் (மெர்ஜ் முடிந்ததும் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்) ஓடி, கிட் லாக்கின் டிரெய்லர் (மெசேஜின் அடியில் வரும் "பெயர்: மதிப்பு" வரி) ஃபார்மட் வழியாக அந்த வரிகளை மட்டும் டெர்மினலில் காட்ட வேண்டும். ஃபீச்சர் பிராஞ்சில் வருகிறது. மெயினில் சேர்ந்த பிறகு வருவதில்லை, ஆனால் லாக்கில் அந்த வரி கண்ணெதிரே இருக்கிறது. இரண்டு பேருக்கு ஹுக்கே ஓடவில்லை.

பதில் 1
கிட்ஹப்பில் ஸ்குவாஷ் மெர்ஜ்தானே (பிராஞ்சின் எல்லா கமிட்டையும் ஒன்றாக்கிச் சேர்ப்பது) செய்கிறீர்கள்? மெயினின் கடைசி மெசேஜை கிட் இன்டர்பிரெட்-டிரெய்லர்ஸ் கமாண்டுக்கு பார்ஸ் ஆப்ஷனோடு பைப் செய்து பாருங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் கிட் அதை டிரெய்லராக எடுக்கவில்லை.

கேள்வி கேட்டவர்
ஸ்குவாஷ்தான். பார்ஸ் காலியாக வருகிறது. மெசேஜ் இப்படி இருக்கிறது:

* ஸ்டேட்டஸ் நெடுவரிசை சேர்ப்பு
நோட்டீஸ்: மைக்ரேஷன் ஓட்டவும்
* டெஸ்ட் திருத்தம்

பதில் 1
அதேதான். டிரெய்லருக்காக கிட் பார்ப்பது மெசேஜின் கடைசிப் பத்தியை மட்டும். பல கமிட்டுகளை ஸ்குவாஷ் செய்யும்போது எல்லா மெசேஜும் வரிசையாக ஒட்டப்படுவதால் உங்கள் வரி நடுவில் மாட்டிக்கொள்கிறது. ரெப்போ செட்டிங்ஸில் ஸ்குவாஷுக்கான டீஃபால்ட் மெசேஜை "தலைப்பும் விவரமும்" என்று மாற்றுங்கள். புல் ரிக்வெஸ்ட் விவரத்தின் அடியில், மேலே ஒரு காலி வரி விட்டு, நோட்டீஸை எழுதுங்கள். கோ-ஆதர்ட்-பை (கூட எழுதியவர் பெயர்) வரி இருந்தால் இரண்டும் ஒரே பத்தியில் இருக்கட்டும். நடுவே காலி வரி விழுந்தால் மேலே உள்ளது போச்சு.

நீளமான நோட்டீஸை 72 எழுத்தில் மடக்கினால் அடுத்த வரி ஸ்பேஸில் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் முழுப் பத்தியும் சாதாரண உரையாகிவிடும்.

பதில் 2
கமிட் கமாண்டின் எம் ஆப்ஷனில் மெசேஜ் எழுதுபவர்களுக்கு: ஒவ்வொரு எம்மும் தனிப் பத்தி. இரண்டு நோட்டீஸை இரண்டு எம்மில் கொடுத்தால் கடைசியது மட்டுமே தேறும். கிட் 2.32 முதல் கமிட் கமாண்டிலேயே டிரெய்லர் ஆப்ஷன் உண்டு, அது ஒரே பத்தியில் சேர்த்துவிடும்.

ஹுக் ஓடாததற்கு: குளோன் செய்யும்போது ஹுக்குகள் வராது. ரெப்போவுக்குள் ஒரு ஃபோல்டரில் வைத்து, ஒவ்வொருவரும் கோர்.ஹுக்ஸ்பாத் கான்ஃபிகை அதற்குத் திருப்ப வேண்டும். எக்ஸிக்யூட் பர்மிஷனும் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஹுக் ஓடாது. அந்த இருவரும் ரீபேஸோடு (தங்கள் கமிட்டுகளை புது மெயினின் மேல் மீண்டும் அடுக்கி) புல் செய்பவர்களா? கையில் லோக்கல் கமிட் இருந்தால் அப்போது ஓடுவது போஸ்ட்-ரீரைட், போஸ்ட்-மெர்ஜ் இல்லை. இரண்டிலும் ஒரே ஸ்கிரிப்டைப் போடுங்கள்.

கேள்வி கேட்டவர்
ஒருவர் ரீபேஸ், இன்னொருவருக்கு பர்மிஷன் இல்லை. இரண்டும் சரியாகிவிட்டது. "அறிவிப்பு:" என்று தமிழிலேயே தொடங்கலாமா? ஏற்கெனவே மெயினில் போன நோட்டீஸை என்ன செய்வது?

பதில் 2
முடியாது. கோலனுக்கு முன்னால் ஆங்கில எழுத்து, எண், ஹைஃபன் மட்டுமே செல்லும். கோலனுக்குப் பிறகு தாராளமாகத் தமிழில் எழுதலாம். போன கமிட்டை அமெண்ட் செய்து (திருத்தி) ஃபோர்ஸ் புஷ் (மெயினை மேலெழுதுவது) போடாதீர்கள், மற்ற ஐந்து பேரின் பிராஞ்சும் குழம்பும். அலவ்-எம்ப்டி ஆப்ஷனோடு ஒரு காலி கமிட் போட்டு, விட்டுப்போன நோட்டீஸை அதில் எழுதுங்கள்.

பதில் 1
பாஸ்வேர்ட், கீ எதையும் நோட்டீஸில் எழுத வேண்டாம். "புது கீ வந்திருக்கிறது, லீடிடம் கேட்கவும்" என்பது போதும். புல் செய்யாதவருக்கு நோட்டீஸ் போய்ச் சேராது என்பதால், சர்வர் நிற்கப்போகிறது மாதிரி விஷயங்களை சாட்டில் போடுங்கள்.