மாந்தோப்பில் மௌன செபம்: யாராவது வழிகாட்டுங்களேன்

இயேசுவுக்கே புகழ்! கிருஷ்ணகிரி பக்கத்துல ஒரு கிராமத்திலிருந்து எழுதறேன். வர்ற செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4, அசிசி பிரான்சிஸ் திருநாள் வரைக்கும் படைப்பின் காலம், அதாவது கடவுள் படைச்ச இயற்கைக்காக கிறிஸ்தவங்க செபிக்கிற காலம் இல்லையா. அதுக்கு எங்க அன்பியத்துல (பங்குல பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரங்க சேர்ந்து செபிக்கிற சின்னக் குழு) சனிக்கிழமைதோறும் காலையில ஒரு மாந்தோப்புல 20 நிமிஷம் பேசாம உட்காரலாம்னு முடிவு பண்ணோம்.

போன வாரம் ஒத்திகை பார்த்தோம். திருப்பாடல் 104 மெதுவா வாசிச்சோம், அப்புறம் மௌனம். அஞ்சே நிமிஷம்! ஒரு பாட்டி செபமாலையை எடுத்துட்டாங்க, இன்னொரு அக்கா சேலையில செவ்வெறும்பு ஏறிடுச்சு. சிரிப்பு அடங்கவே நேரமாச்சு. ஆனா அந்த அஞ்சு நிமிஷத்துல செம்போத்து கூப்பிட்டது எல்லாருக்கும் கேட்டிருக்கு.

சிக்கல் என்னன்னா, "இது நம்ம முறையே இல்ல"ன்னு சிலர் தயங்கறாங்க. 4ஆம் நூற்றாண்டுலயே எகிப்து பாலைவனத் துறவிகள் இப்படித்தான் இருந்தாங்கன்னு சொன்னேன். எடுபடல.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தியான செபம் பழகினவங்க யாராவது ஒரு சனிக்கிழமை வந்து உட்கார முடியுமா? பஸ் செலவு எங்களுது, சாப்பாடு உண்டு. எழுத்து கூட்டிப் படிக்கிறவங்களுக்கும் புரியற மாதிரி ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு இருந்தாலும் அனுப்புங்க. 2015ல வந்த, திருத்தந்தை பிரான்சிஸ் சுற்றுச்சூழல் பத்தி எழுதின 'லவுதாத்தோ சி' மடல்ல எந்தப் பகுதியை வாசிக்கலாம்னும் சொல்லுங்க, முழுசா வாசிச்சா தூங்கிடுவாங்க.

இன்னொண்ணு: செபம் முடிஞ்சதும் பக்கத்துக் குட்டையில சீமைக்கருவேலம் வெட்டணும். வேரோட எடுக்கறது எப்படி?