ஒன்டாரியோவில் பழைய செடான் கார் வாங்கவிருக்கும் நீலகிரிப் பிள்ளைகளுக்கு

குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்திலிருந்து அண்மையில் ஒன்டாரியோவில் குடியேறியிருப்பவர்கள் பலரும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: பன்னிரண்டு, பதினைந்து ஆண்டோ அதற்கு மேலோ பழைய டொயோட்டா கேம்ரி, ஹோண்டா அக்கார்டு, நிஸ்ஸான் ஆல்டிமா, ஹூண்டாய் சொனாட்டா ஆகியவற்றில் எதை நம்பி வாங்கலாம்? பல ஆண்டுகள் அங்கே வாழ்ந்து இப்போது குன்னூருக்கே திரும்பிவிட்டவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். தொகைகள் அனைத்தும் கனடா டாலரில், தோராயமானவை.

நம் மலையில் கார் பார்க்கிறவர், மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளை மனத்தில் வைத்துத்தான் பார்ப்பார். இறக்கத்தில் பிரேக் சூடாகிறதா, ஏற்றத்தில் வண்டி இழுக்கிறதா, கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறதா என்பவையே நம் சோதனைகள். சமவெளியில் ஓடும் ஆட்டோமேட்டிக் காருக்கு இவை அவ்வளவாகப் பயன்படா. செலவுக் கணக்கும் தலைகீழானது. இங்கே கோவையிலிருந்து வரவேண்டிய ஸ்பேருக்குத்தான் பணம் போகும். மெக்கானிக்கின் கூலி குறைவு. அங்கே கூலி மணிக்கு 120 முதல் 170 டாலர் வரை ஆகும் என்பதால், ஒரு பழுதுக்கு ஆகும் செலவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அந்தப் பாகத்தை எட்டுவதற்கு எவ்வளவு கழற்ற வேண்டியிருக்கிறது என்பதே. அக்கார்டின் ஆறு சிலிண்டர் எஞ்சினில், வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைந்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் வெறும் ரப்பர் பட்டைதான். ஆனால் வாட்டர் பம்புடன் சேர்த்து மாற்ற 1000 முதல் 1500 டாலர் வரை ஆகும். ஏறக்குறைய 1,60,000 கிலோமீட்டரில் அல்லது ஏழு ஆண்டுகளில் அதை மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் விட்டு அறுந்துபோனால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே வீணாகிவிடும். மாற்றியதற்கான பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் அந்தத் தொகையை விலையிலிருந்து குறைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது துரு. நீலகிரியின் ஈரக்காற்று காரை மெதுவாகத்தான் அரிக்கிறது. குளிர்காலத்தில் ஒன்டாரியோ சாலைகளில் கொட்டப்படும் உப்போ, மேலே பெயின்ட் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே, அடியில் எஞ்சினையும் சக்கர அமைப்பையும் தாங்கும் சப்ஃபிரேமையும் பிரேக் குழாய்களையும் கதவுக்குக் கீழுள்ள ஓரத் தகடுகளையும் தின்றுவிடுகிறது. இங்கே டிங்கரிங் கடையில் ஒட்டுப்போட்டு ஓட்டிவிடுவது போல அங்கே செய்ய முடியாது. சப்ஃபிரேம் ஓட்டை விழுந்த காரை, எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வாங்காதீர்கள். லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். வாங்கிய பின் ஆண்டுதோறும் துருத் தடுப்பு எண்ணெய் அடிக்க 200 டாலருக்குள்தான் ஆகும். அந்தச் செலவை ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள்.

இனி ஒவ்வொரு காருக்கும் உரிய குறைகள். 2007 முதல் 2009 வரையிலான நான்கு சிலிண்டர் கேம்ரி எஞ்சின் ஆயிலை எரிக்கும் என்பது பலரும் அறிந்தது. பிஸ்டனில் ஆயில் திரும்பி வழிவதற்கான துளைகள் சிறியவை. அவை கரியால் அடைபட்டு, ஆயிலைத் தடுக்கும் பிஸ்டன் வளையங்களான ரிங்குகள் தம் வேலையைச் செய்யாமல் போகின்றன. பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றுவதற்குப் பல ஆயிரம் டாலர் வேண்டும் என்பதால், பெரும்பாலோர் அவ்வப்போது ஆயிலை ஊற்றியே ஓட்டுகிறார்கள். ஆயில் அளவைக் காட்டும் டிப் ஸ்டிக்கைப் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு அது இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். அப்பழக்கம் இல்லாதவர் எஞ்சினை இழப்பார். 2008 முதல் 2012 வரையிலான நான்கு சிலிண்டர் அக்கார்டில், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது ஓரிரு விநாடி கரகரவென்று சத்தம் கேட்டால், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் ஆக்சுவேட்டர் என்ற பாகம் தேய்ந்துவிட்டது என்று பொருள். 2011 முதல் 2014 வரையிலான 2.4 லிட்டர் சொனாட்டாக்கள் பலவற்றில் பேரிங் கெட்டு எஞ்சின் நின்றுபோனதால், நிறுவனமே ரீகால் செய்து அவற்றைத் திரும்ப அழைத்தது. ஆகவே காரின் அடையாளமான, 17 எழுத்தும் எண்ணும் கொண்ட வின் எண்ணைக் கொடுத்து, என்ன வேலை செய்யப்பட்டிருக்கிறது என்று டீலரிடம் கேட்டறியாமல் சொனாட்டாவை வாங்காதீர்கள். தகாட்டா நிறுவனத்தின் குறையுள்ள ஏர்பேக் இருந்தால் அது மாற்றப்பட்டதா என்பதையும், எந்த நிறுவனத்தின் காராக இருந்தாலும், அப்போதே விசாரித்துவிடுங்கள். ரீகால் வேலைக்குக் கட்டணம் கிடையாது.

தனியாரிடம் வாங்கினால், ‘யூவிப்’ எனப்படும் வாகனத் தகவல் தொகுப்பை விற்பவர் தர வேண்டும். கார் சாலையில் ஓட்டப் பாதுகாப்பானது என்று சோதித்துத் தரப்படும் சேஃப்டி சர்ட்டிஃபிகேட் 36 நாள் செல்லும். ஆனால் அது எஞ்சினும் கியர் பாக்ஸும் நல்ல நிலையில் உள்ளன என்பதற்குச் சான்றாகாது. 13 சதவீத வரியையும் கணக்கில் சேருங்கள். வாங்கிய விலை, பழைய கார்களுக்கான விலைப் பட்டியலில் உள்ள மதிப்பு ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதற்கே வரி.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது எஸ்டிமேட்டை எழுத்தில் கேளுங்கள். இறுதி பில் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது என்பதும், செய்த வேலைக்கும் போட்ட பாகத்துக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5000 கிலோமீட்டர் வரை உத்தரவாதம் உண்டு என்பதும் ஒன்டாரியோ நுகர்வோர் சட்டம் தரும் உரிமைகள். புதிதாக வந்தவர்கள் இவற்றைக் கேட்கத் தயங்குவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தயங்க வேண்டியதில்லை.

*கோத்தகிரித் தம்பி ஒருவரின் கேள்வி:* அண்ணா, 2014 ஆல்டிமா ஒன்று சர்ட்டிஃபிகேட்டுடன் மிகக் குறைந்த விலைக்கு வருகிறது. மெதுவாகப் போகும்போது சற்றே அதிர்கிறது. கியர் ஆயில் மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?

*பதில்:* வேண்டாம், தம்பி. அந்த அதிர்வு, சிவிடி எனப்படும் அதன் படியில்லாத ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் தேய்வதன் அடையாளம். 2013 முதல் 2016 வரையிலான ஆல்டிமாக்களில் இந்தக் குறை பரவலாக இருந்ததால் நிறுவனம் உத்தரவாதக் காலத்தை நீட்டித்தது. 2014 காருக்கு அந்தக் காலமும் முடிந்துவிட்டது. ஆயில் மாற்றினால் சில வாரம் அடங்கியிருக்கலாம், தேய்ந்த பாகம் திரும்பி வராது. கியர் பாக்ஸை மாற்றுவதற்கு 5000 டாலருக்குக் குறையாது. அது காரின் விலையையே தாண்டிவிடும். அந்தப் பணத்துக்கு, அடிப்பாகம் துருவேறாத, ஆயில் எரிக்கும் பழைய கேம்ரியே மேல். டிக்கியில் எப்போதும் ஆயில் வைத்துக்கொண்டு, இரண்டு முறை பெட்ரோல் போடுவதற்கு ஒரு முறையாவது டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். பார்க்கப் போகும் முன், எஞ்சினை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்; குளிர்ந்த எஞ்சினில்தான் சில குறைகள் வெளிப்படும். விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் 100 முதல் 200 டாலர் வரை கொடுத்துச் சோதித்த பிறகே முன்பணம் கொடுங்கள்.